டீசல் ஜெனரேட்டருக்கு மாற்றாகுமா உயர்வெப்ப எரிபொருள் மின்கலம்? விடை ஒரு மெல்லிய சவ்வில்

160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இயங்கும் எரிபொருள் மின்கலங்கள், தூய்மை குறைந்த ஹைட்ரஜனைக் கொண்டும் மின்சாரம் தரக்கூடியவை. ஆனால், அவற்றின் ஆயுளை நிர்ணயிப்பது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனே கொண்ட பாலிமர் சவ்வு. அந்தச் சவ்வை மேம்படுத்த உலகெங்கும் நடைபெறும் முயற்சிகளையும், அதில் புனே, காரைக்குடி உள்ளிட்ட இந்திய ஆய்வகங்களின் பங்கையும் விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலை, பாலாறு என்ற இடத்தைத் தாண்டியதும் கர்நாடக எல்லைக்குள் நுழைகிறது. வேலூர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடும் பாலாறு வேறு. இங்குள்ளது காவிரியுடன் கலக்கும் துணையாறு. காடும் மலையும் சூழ்ந்த இத்தகைய பகுதிகளில் மின்தடை ஏற்பட்டால், கைபேசிக் கோபுரங்கள் தொடர்ந்து இயங்குவதற்கு பேட்டரியும் டீசல் ஜெனரேட்டருமே பெரும்பாலும் துணை நிற்கின்றன. பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பின்னர் ஜெனரேட்டர் இயங்க வேண்டும். அதற்கான டீசல் மலைச்சாலையில் ஏறி வர வேண்டும். புகையும் இரைச்சலும் அதனுடனேயே வந்து சேரும்.

இந்த ஜெனரேட்டரின் இடத்தைப் பிடிக்கக்கூடியவை என்று கருதப்படுபவற்றில் ஒன்றுதான் உயர்வெப்ப எரிபொருள் மின்கலம். மெத்தனால் போன்ற திரவ எரிபொருளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹைட்ரஜனைக் கொண்டே இது இயங்கும். உயர் அழுத்த ஹைட்ரஜன் உருளைகளை மலை மீது ஏற்ற வேண்டிய தேவை இராது. ஆயினும் இந்தத் தொழில்நுட்பம் இன்னும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. அதற்கு உள்ள தடைகளில் முதன்மையானது, மின்கலத்தின் நடுவில் இருக்கும் சவ்வு.

எரிபொருள் மின்கலம் எவ்வாறு இயங்குகிறது?

எரிபொருள் மின்கலத்தில் எரிபொருள் எரிக்கப்படுவதில்லை. ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றில் உள்ள ஆக்சிஜனும் செலுத்தப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே சவ்வு இருக்கிறது. ஹைட்ரஜன் பக்கத்தில் உள்ள பிளாட்டினம் வினையூக்கி, ஹைட்ரஜன் மூலக்கூறை புரோட்டான்களாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிக்கிறது. சவ்வு புரோட்டான்களை மட்டுமே கடந்து செல்ல அனுமதிக்கும். எலக்ட்ரான்கள் வெளியே உள்ள கம்பியைச் சுற்றிச் சென்றே மறுபுறத்தை அடைய முடியும். அவ்வாறு சுற்றிச் செல்லும் எலக்ட்ரான்களின் ஓட்டமே நமக்குக் கிடைக்கும் மின்சாரம். ஆக்சிஜன் பக்கத்தில் புரோட்டானும் எலக்ட்ரானும் மீண்டும் இணைந்து நீராக மாறுகின்றன.

ஆகவே, சவ்வுக்கு மூன்று கடமைகள் உள்ளன. புரோட்டான்களைத் தடையின்றிக் கடத்த வேண்டும். எலக்ட்ரான்களைக் கடத்தக் கூடாது. இரு வாயுக்களும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மின்கலம் பயனற்றுப் போகும்.

ஒரு தனி மின்கலம் இயங்கும்போது தருவது சுமார் 0.6 முதல் 0.7 வோல்ட் மின்னழுத்தம் மட்டுமே. கைபேசிக் கோபுரங்களின் கருவிகளுக்கு 48 வோல்ட் நேர்மின்னோட்டம் தேவை. அதற்கு ஏறத்தாழ 80 மின்கலங்களை வரிசையாக அடுக்க வேண்டும். இந்த 80 சவ்வுகளில் ஒன்றில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் அடுக்கு முழுவதையும் நிறுத்த வேண்டிய நிலை ஏற்படலாம். சவ்வின் உறுதிக்கு ஆய்வாளர்கள் இவ்வளவு முக்கியத்துவம் அளிப்பதன் காரணம் இதுவே.

80 டிகிரி என்னும் எல்லை

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இணைத்து மின்சாரம் பெறலாம் என்பதை வில்லியம் குரோவ் 1839-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். ஆனால், திரவ அமிலத்துக்குப் பதிலாகப் பாலிமர் சவ்வைப் பயன்படுத்தும் முறை 1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில்தான் உருவானது. 1965-இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஜெமினி 5 விண்கலத்தில் இவ்வகை மின்கலங்கள் பயன்படுத்தப்பட்டன. அந்தக் காலத்துச் சவ்வுகள் விரைவில் சிதைந்தன. பின்னர் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய நாஃபியான் என்ற ஃபுளூரின் பாலிமர் அந்தக் குறையைப் பெருமளவு போக்கியது. இன்று ஹைட்ரஜன் கார்களிலும் பேருந்துகளிலும் உள்ளவை பெரும்பாலும் நாஃபியான் வகைச் சவ்வுகளே.

நாஃபியானின் வலிமையும் பலவீனமும் ஒன்றே: தண்ணீர். அதன் சங்கிலியில் தொங்கும் சல்பானிக் அமிலத் தொகுதிகள் நீரை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. அந்த நீர்வழியே புரோட்டான்கள் பயணிக்கின்றன. சவ்வு ஈரமாக இருக்கும்வரை கடத்துதிறன் சிறப்பாக இருக்கும். வெப்பம் 80 டிகிரியைத் தாண்டி 100 டிகிரியை நெருங்கும்போது நீர் ஆவியாகிறது, சவ்வு உலர்கிறது, புரோட்டான்களின் பாதை அடைபடுகிறது. எனவே இத்தகைய மின்கலங்கள் பொதுவாக 80 டிகிரிக்குள்ளேயே இயக்கப்படுகின்றன. உள்ளே செல்லும் வாயுக்களை ஈரப்படுத்துவதற்குத் தனிக் கருவியும் தேவைப்படுகிறது.

வெப்பத்தை ஏன் உயர்த்த வேண்டும்?

80 டிகிரியில் நன்றாக இயங்கும் கருவியை 160 டிகிரிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி எழலாம். அதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, எரிபொருளின் தூய்மை. மெத்தனாலையோ இயற்கை எரிவாயுவையோ நீராவியுடன் வினைபுரியச் செய்து ஹைட்ரஜனைப் பெறும்போது, அதனுடன் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் உருவாகிறது. இந்த வாயு பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். 80 டிகிரியில் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவிலான கார்பன் மோனாக்சைடு கூட மின்கலத்தின் செயல்திறனைக் குறைத்துவிடும். ஆனால் 160 முதல் 180 டிகிரி வெப்பத்தில் அந்த ஒட்டுதல் தளர்ந்துவிடுகிறது. அப்போது 1 முதல் 3 சதவீதம் வரையிலான கார்பன் மோனாக்சைடையும் மின்கலம் தாங்கிக்கொள்ளும். அதாவது, சகிப்புத்தன்மை ஆயிரம் மடங்குக்கும் மேல் உயர்கிறது. இதனால் ஹைட்ரஜனைத் தூய்மைப்படுத்தும் செலவு மிக்க கட்டங்கள் குறைகின்றன.

இரண்டாவது, குளிர்விப்பு. 40 டிகிரி கோடை வெயிலில் 80 டிகிரி மின்கலத்தைக் குளிர்விப்பது கடினம். வெப்பநிலை வேறுபாடு 40 டிகிரி மட்டுமே என்பதால் பெரிய ரேடியேட்டர் தேவைப்படும். 160 டிகிரி மின்கலத்துக்கு அந்த வேறுபாடு 120 டிகிரி. எனவே சிறிய குளிர்விப்பான் போதும். இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கு இது முக்கியமானது.

மூன்றாவது, வெளியேறும் வெப்பத்தின் பயன். 160 டிகிரி வெப்பத்தைக் கொண்டு வெந்நீர் பெறலாம். வெப்பத்தால் இயங்கும் குளிரூட்டும் கருவிகளையும் இயக்கலாம். மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து பயன்படும்போது எரிபொருளின் மொத்தப் பயன்பாடு உயர்கிறது.

தீயணைப்பு உடையிலிருந்து மின்கலத்துக்கு

இந்த வெப்பத்தைத் தாங்குவதற்கு ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த பாலிமர், பாலிபென்சிமிடசோல். சுருக்கமாக பிபிஐ எனப்படும் இது முதலில் மின்சாரத்துக்காக உருவாக்கப்பட்டதன்று. 1961-இல் வோகல், மார்வெல் ஆகிய அமெரிக்க வேதியியலாளர்கள் இதன் தயாரிப்பு முறையை வெளியிட்டனர். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 விண்கலத்தில் தரைச்சோதனையின்போது ஏற்பட்ட தீயில் 3 விண்வெளி வீரர்கள் உயிரிழந்த பின்னர், எளிதில் தீப்பற்றாத துணிகளுக்கான தேடல் தீவிரமடைந்தது. பிபிஐ இழைகள் அப்போது கவனம் பெற்றன. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பாதுகாப்பு உடைகளில் இன்றும் அவை இடம்பெறுகின்றன. இந்தப் பாலிமர் இளகத் தொடங்குவதற்கே 400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

தனித்த பிபிஐ புரோட்டான்களைக் கடத்துவதில்லை. ஆனால், அதன் சங்கிலியில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் காரத்தன்மை உடையவை. எனவே அமிலத்தில் ஊறவைத்தால் அது அமிலத்தைப் பற்றிக்கொள்ளும். 1995-இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெயின்ரைட், சாவினெல், லிட் உள்ளிட்டோர், பாஸ்பாரிக் அமிலம் ஏற்றப்பட்ட பிபிஐ சவ்வை எரிபொருள் மின்கலத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தனர். உயர்வெப்பச் சவ்வு ஆராய்ச்சியின் தொடக்கப்புள்ளி அதுவே.

இங்கு நீரின் வேலையை அமிலம் செய்கிறது. வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போடும்போது தொழிலாளர்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்கள். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சட்டி மட்டும் மாடிக்குப் போய்ச் சேரும். பாஸ்பாரிக் அமில மூலக்கூறுகளும் இவ்வாறே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புரோட்டானைக் கைமாற்றிக் கொடுக்கின்றன. 1806-இல் இத்தகைய விளக்கத்தை முன்வைத்த குரோட்டஸ் என்பவரின் பெயரால் இது குரோட்டஸ் முறை என அழைக்கப்படுகிறது. இதற்கு ஈரம் தேவையில்லை என்பதால், வாயுக்களை ஈரப்படுத்தும் கருவியும் தேவையில்லை.

அமிலம் கூடினால் வலிமை குறையும்

பிபிஐ சங்கிலியின் ஒவ்வொரு அலகும் இரண்டு அமில மூலக்கூறுகளை மட்டுமே இறுகப் பற்றிக்கொள்ள முடியும். ஆனால், போதிய கடத்துதிறனுக்கு அதைவிடப் பல மடங்கு அமிலம் தேவை. கூடுதலாக உள்ள அமிலம் சங்கிலிகளுக்கு இடையே தளர்வாகத் தங்கியிருக்கும். இந்தக் கட்டற்ற அமிலமே புரோட்டான்களை விரைவாகக் கடத்துகிறது. சவ்வைப் பலவீனப்படுத்துவதும் அதுவே.

அமிலம் மிகுதியாக ஏறும்போது பாலிமர் சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. சவ்வு ஊறி உப்புகிறது. அமிலம் ஏறாத பிபிஐ படலம் 100 மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்கக்கூடியது. அமிலம் நிறைந்த கூழ் வகைச் சவ்வுகளோ சில மெகாபாஸ்கல் விசையையே தாங்குகின்றன. மின்கல அடுக்கை இறுக்கும் அழுத்தத்தில் அவை மெலிந்து நசுங்கவும் கூடும்.

அமில இழப்பு மற்றொரு சிக்கல். மின்கலம் 100 டிகிரிக்குக் கீழே குளிரும்போது, உள்ளே உருவாகும் நீர் ஆவியாகாமல் திரவமாகத் தங்கிவிடும். பாஸ்பாரிக் அமிலம் நீரில் எளிதில் கரைவதால் அந்த நீர் அமிலத்தைக் கழுவிச் சென்றுவிடும். எனவேதான் இவ்வகை மின்கலங்களை முதலில் 100 டிகிரிக்கு மேல் சூடேற்றிய பிறகே மின்சாரம் எடுக்கின்றனர். மறுபுறம், வெப்பம் 180 டிகிரியைத் தாண்டினால் அமிலம் மெல்ல ஆவியாகிறது. நீரை இழந்து பைரோபாஸ்பாரிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலத்தின் கடத்துதிறன் குறைவு. ஆகவே, சவ்வு நெடுநாள் உழைப்பதற்கு ஏற்ற வெப்ப எல்லை குறுகியதாகவே இருக்கிறது.

இவை தவிர வேதித் தாக்குதலும் உண்டு. மின்கலத்தினுள் சிறிதளவு உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து தோன்றும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பாலிமர் சங்கிலியை வெட்டுகின்றன. இரும்பு அயனிகள் கலந்த பெராக்சைடு கரைசலில் சவ்வை மூழ்கவைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று அளப்பது ஆய்வகங்களில் வழக்கமான சோதனை.

மேம்படுத்தும் வழிகள்

இவ்வாறு கடத்துதிறன், வலிமை, ஆயுள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று தாழ்கிறது. கடந்த 30 ஆண்டுகளின் ஆராய்ச்சி, இந்த மூன்றையும் சமன் செய்யும் வழிகளைத் தேடுவதாகவே அமைந்துள்ளது.

தயாரிப்பு முறையை மாற்றுவது ஒரு வழி. வழக்கமான முறையில் பிபிஐ, டைமெத்தில் அசிட்டமைடு போன்ற கரைப்பானில் கரைக்கப்பட்டு, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக ஊற்றப்படுகிறது. கரைப்பான் ஆவியான பின் அந்தப் படலம் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைக்கப்படுகிறது. அமெரிக்க வேதியியலாளர் பிரையன் பெனிசெவிச் குழுவினர் வேறு வழியைக் கண்டனர். பாலிபாஸ்பாரிக் அமிலத்திலேயே பாலிமரை உருவாக்கி, அந்தச் சூடான கூழை நேரடியாகப் படலமாக ஊற்றினர். அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும்போது பாலிபாஸ்பாரிக் அமிலம் பாஸ்பாரிக் அமிலமாக மாற, கரைசல் கூழ்மச் சவ்வாக உறைகிறது. 2005-இல் வெளியான இந்த முறையில் ஓர் அலகுக்கு 30-க்கும் மேற்பட்ட அமில மூலக்கூறுகளைத் தேக்க முடிந்தது. செல்டெக் என்ற பெயரில் இவ்வகைச் சவ்வுகளை பிஏஎஸ்எஃப் நிறுவனம் வணிகத்துக்குக் கொண்டுவந்தது.

குறுக்குப் பிணைப்பு மற்றொரு வழி. தனித்தனி நூல்களாகக் கிடக்கும் சங்கிலிகளை இடையிடையே முடிச்சிட்டு வலைபோல் ஆக்குவது இதன் நோக்கம். முடிச்சுகள் கூடினால் சவ்வு உப்புவது குறையும். அமிலத்தை அதிகம் ஏற்றினாலும் கிழியாது. ஆனால் முடிச்சுகள் அளவுக்கு மீறினால் சவ்வு நொறுங்கும் தன்மையைப் பெறும். அமிலத்துக்கான இடமும் குறையும்.

சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு, சிர்கோனியம் பாஸ்பேட், கிராபீன் ஆக்சைடு ஆகியவற்றின் நுண்துகள்களைப் பாலிமருடன் கலப்பது மூன்றாவது வழி. துகள்களின் மேற்பரப்பு அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துகள்கள் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் திரண்டுவிட்டால், அந்த இடமே சவ்வு கிழியத் தொடங்கும் இடமாகிவிடும். எனவே, துகளைத் தேர்ந்தெடுப்பதைவிட அதைச் சீராகக் கலப்பதே கடினமான பணி.

சங்கிலியின் அமைப்பையே மாற்றுவது நான்காவது வழி. இதில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் உல்ஹாஸ் கரூல் குழுவினர், பருமனான பியூட்டைல் தொகுதிகளை பிபிஐ சங்கிலியில் இணைத்து ஆராய்ந்தனர். இத்தகைய தொகுதிகள் சங்கிலிகளை நெருங்கவிடாமல் செய்வதால், கரைப்பானில் கரைவது எளிதாகிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் துஷார் ஜனா குழுவினர், பிரிடின் வளையம் கொண்ட பிபிஐ வகைகளையும் நுண்துகள் கலந்த கலவைச் சவ்வுகளையும் ஆராய்ந்துள்ளனர். பிரிடினில் உள்ள கூடுதல் நைட்ரஜன், அமிலத்தைப் பற்றுவதற்குக் கூடுதல் கைப்பிடியாகிறது.

பிடிமானத்தையே மாற்றிய புதிய முறை

பிபிஐ அமிலத்தைப் பற்றியிருக்கும் பிடிமானம் ஒப்பீட்டளவில் தளர்வானது என்பதே எல்லாச் சிக்கல்களுக்கும் அடிப்படை. 2016-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த யூ செங் கிம் குழுவினர், இந்தப் பிடிமானத்தையே மாற்றினர். குவாட்டர்னரி அம்மோனியம் என்ற நேர்மின் தொகுதிகள் கொண்ட பாலிமரை அவர்கள் பயன்படுத்தினர். அவற்றுடன் பாஸ்பேட்டின் எதிர்மின் அயனிகள் இணையாகச் சேர்கின்றன. இந்த அயனி இணைகளின் பிணைப்பு, பிபிஐ-க்கும் அமிலத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பைவிடப் பல மடங்கு வலுவானது. இதனால் 80 முதல் 160 டிகிரி வரை இயங்கும் மின்கலத்தை அவர்களால் உருவாக்க முடிந்தது. நீர் திரவமாகத் தேங்கக்கூடிய 80 டிகிரியிலும் அமிலம் தங்கியிருந்தது என்பதே இதில் முக்கியமானது.

2022-இல் சீன ஆய்வாளர்கள் தலைமையிலான குழுவினர் மற்றோர் உத்தியை வெளியிட்டனர். இயல்பாகவே மிக நுண்ணிய துளைகள் கொண்ட பாலிமரில் பாஸ்பாரிக் அமிலத்தை ஏற்றினர். துளைகளின் குறுகலே அமிலத்தை வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி முதல் 200 டிகிரி வரை இயங்கும் மின்கலத்தை இதன்மூலம் உருவாக்கியதாக அவர்கள் அறிவித்தனர். எனினும், ஆய்வகத்தில் கைக்குட்டையை விடச் சிறிய துண்டில் கிடைத்த வெற்றி, மீட்டர் கணக்கில் தொழிற்சாலையில் உருவாகும் சுருளில் நிலைக்க வேண்டும். அதுவே இத்தகைய கண்டுபிடிப்புகள் கடக்க வேண்டிய அடுத்த கட்டம்.

புனேயும் காரைக்குடியும்

இந்தியாவில் உயர்வெப்ப எரிபொருள் மின்கலம் குறித்த ஒருங்கிணைந்த முயற்சியை, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் மேற்கொண்டது. அதன் மூன்று ஆய்வகங்கள் இதில் இணைந்தன. அவை, புனே தேசிய வேதியியல் ஆய்வகம், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். தொழில்துறையிலிருந்து புனேயின் தெர்மாக்ஸ் நிறுவனமும் மும்பையின் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமும் பங்கேற்றன.

2019 செப்டம்பர் 26 அன்று சிஎஸ்ஐஆர் நிறுவன நாளையொட்டி, அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் 5 கிலோவாட் திறன் கொண்ட மின்கல அமைப்பை அறிமுகப்படுத்தினார். உள்நாட்டிலேயே உருவான முதல் உயர்வெப்ப எரிபொருள் மின்கல அமைப்பு என்று அது அறிவிக்கப்பட்டது. மெத்தனால் அல்லது உயிரி மீத்தேனைக் கொண்டு இயங்கும் இந்த அமைப்பில், மின்சாரத்துடன் வெப்பமும் பயன்படுத்தப்படுவதால் மொத்தச் செயல்திறன் 70 சதவீதத்துக்கும் அதிகம் என்று சிஎஸ்ஐஆர் தெரிவித்தது. சிறிய அலுவலகங்கள், தரவு மையங்கள், கைபேசிக் கோபுரங்கள், தொலைதூர இடங்கள் ஆகியவற்றுக்கு இது ஏற்றது என்றும் கூறப்பட்டது.

காரைக்குடி நிறுவனத்துக்கு இதில் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவானது அந்த நிறுவனம். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தமிழ்நாட்டில் இது தவிர, சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஏஆர்சிஐ அமைப்பின் எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப மையமும் செயல்பட்டு வருகிறது.

வாகனங்களுக்கான முயற்சி வேறு பாதையில் செல்கிறது. 2020 அக்டோபரில் கேபிஐடி நிறுவனமும் சிஎஸ்ஐஆரும் சோதித்த ஹைட்ரஜன் காரின் மின்கலம் 65 முதல் 75 டிகிரியில் இயங்குவது. 2022 ஆகஸ்ட் 21 அன்று புனேயில் அறிமுகமான ஹைட்ரஜன் பேருந்தும் கேபிஐடி, சிஎஸ்ஐஆர் கூட்டுமுயற்சியின் விளைவே. சாவியைத் திருப்பியதும் புறப்பட வேண்டிய வாகனத்துக்கு, சூடேறும்வரை காத்திருக்க வேண்டிய உயர்வெப்ப மின்கலம் எளிதில் பொருந்துவதில்லை. ஒரே இடத்தில் நின்று நெடுநேரம் இயங்கும் பணிகளுக்கே அது பொருத்தமானது.

ஆயுள் என்னும் கணக்கு

சவ்வு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதே இறுதியில் விலையை நிர்ணயிக்கும். செல்டெக் வகைச் சவ்வு 160 டிகிரியில் 20,000 மணி நேரம் இயங்கியதாகவும், மணிக்குச் சுமார் 6 மைக்ரோவோல்ட் என்ற அளவில் அதன் மின்னழுத்தம் குறைந்ததாகவும் பதிவாகியுள்ளது. 6 மைக்ரோவோல்ட் என்பது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் 20,000 மணி நேரத்தில் அது 0.12 வோல்ட் ஆகிவிடும். 0.65 வோல்ட்டில் தொடங்கும் மின்கலத்துக்கு இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இழப்பு.

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். எனவே 20,000 மணி நேரம் என்பது இடைவிடாத இயக்கத்தில் 2 ஆண்டுகளும் 3 மாதங்களும் மட்டுமே. மின்தடையின்போது மட்டும் இயங்கினால் ஆண்டுகள் கூடும். ஆனால் அப்போது அடிக்கடி நிறுத்தி இயக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை குளிரும்போதும் அமிலம் கழுவப்படும் ஆபத்து எழும். இந்தியாவில் டீசல் ஜெனரேட்டர்கள் செய்யும் பணி பெரும்பாலும் இத்தகைய விட்டுவிட்டு இயங்கும் பணியே. ஆகவே, குளிர்ந்தாலும் அமிலத்தை இழக்காத சவ்வே இங்கு உண்மையில் தேவைப்படுவது.

சவ்வைத் தாண்டியும் சவால்கள் உள்ளன. சவ்விலிருந்து கசியும் பாஸ்பேட், பிளாட்டினத்தின் மீது படிந்து ஆக்சிஜன் வினையை மந்தமாக்குகிறது. அதை ஈடுகட்ட, தாழ்வெப்ப மின்கலங்களைவிட அதிகப் பிளாட்டினம் தேவைப்படுகிறது. அமிலத்தை உறுதியாகப் பற்றும் சவ்வு கிடைத்தால் இந்தச் செலவும் குறைய வாய்ப்புள்ளது. மெத்தனால் பயன்படுத்தும்போது கரியமில வாயு வெளியேறுவதையும் மறுக்க இயலாது. மெத்தனால் நிலக்கரியிலிருந்து வந்ததா, உயிரிக் கழிவிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தே இந்த மின்சாரம் எவ்வளவு பசுமையானது என்பது அமையும்.

பிபிஐ சவ்வுகளுக்குச் சாதகமான ஒரு போக்கும் உள்ளது. நாஃபியான் போன்ற ஃபுளூரின் சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை என்பதால், அவற்றைக் கட்டுப்படுத்தும் விரிவான முன்மொழிவு 2023-இல் ஐரோப்பாவில் வெளியிடப்பட்டது. பிபிஐ பாலிமரில் ஃபுளூரின் இல்லை.

அடுத்து என்ன?

2023 ஜனவரி 4 அன்று ரூ.19,744 கோடி மதிப்பிலான தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தித் திறனை எட்டுவது அதன் இலக்கு. ஹைட்ரஜனை உற்பத்தி செய்வதுடன், அதைத் தொலைதூர இடங்களுக்கு எந்த வடிவில் கொண்டுசென்று எவ்வாறு மின்சாரமாக்குவது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. மெத்தனால் போன்ற திரவங்களில் ஹைட்ரஜனைச் சுமந்து சென்று உயர்வெப்ப மின்கலங்களில் பயன்படுத்துவது அதற்கான விடைகளில் ஒன்று.

1995-இல் தொடங்கிய ஆராய்ச்சி, அமிலத்தை ஏற்றுவது எப்படி என்ற கேள்வியுடன் புறப்பட்டது. இன்று அது, ஏற்றிய அமிலத்தைத் தக்கவைப்பது எப்படி என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. வலுவான பிணைப்பு, நுண்ணிய துளைகள், குறுக்கு முடிச்சுகள் எனப் பல விடைகள் ஆய்வகங்களில் கிடைத்துள்ளன. அவற்றில் எது மலிவாகவும், நூற்றுக்கணக்கான முறை குளிர்ந்து சூடேறினாலும் சிதையாமலும் தயாராகிறதோ, அதுவே மலைச்சாலையோரக் கோபுரங்களில் டீசல் ஜெனரேட்டரின் ஓசையை அடக்கும் வாய்ப்பைப் பெறும்.